பச்சை வட்டம் இல்லாத கார்

நூறு யூரோ தண்டம் என்பது உறுதி. அந்த நூறை எத்தனை தரம் கட்ட வேண்டி வரும் என்பதுதான் சோதிலிங்கத்துக்குப் பிடிபடவில்லை.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குள் போகிற காரின் முன்கண்ணாடியில் பச்சை வட்டம் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். புகை குறைந்த கார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சோதிலிங்கத்தின் நீலக் கார் பழைய டீசல். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதற்கு அந்த வட்டத்தைக் கொடுக்கமாட்டார்கள். அவருக்கு நகரத்துக்கு வெளியே ஒரு பொதிக் கிடங்கில் வேலை. வீடும் அந்தப் பக்கம்தான். நகரத்துக்குள் அலுவல் என்றால் எல்லையில் காரை நிறுத்திவிட்டு ட்ராமில் போவார். இத்தனை வருடமும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இப்போது மகள் சாரங்காவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. ஆஸ்பத்திரி நகரத்தின் நடுவில். முதல் மாதம் தாயும் பிள்ளையும் சோதிலிங்கத்தின் வீட்டில்தான் இருப்பார்கள். சாரங்கா பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது இந்தக் காரில். அவளுடைய பிள்ளையும் இதில்தான் வரவேண்டும் என்று செய்தி கேட்ட அன்றே அவர் முடிவெடுத்துவிட்டார்.

மருமகன் மதீசனிடம் கார் கிடையாது. வாங்குவதில்லை என்பது அவனுடைய கொள்கை. அவனிடம் இருந்தது முன்பக்கம் பெரிய மரப்பெட்டி பூட்டிய சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் மிகவும் பணிவாகத் தன் யோசனையைச் சொன்னான்.

"பெட்டிக்குள்ள ரெண்டு பேரும் வசதியா இருக்கலாம் மாமா. மழை வந்தால் மூடி இருக்கு."

சோதிலிங்கத்தின் மனைவி ரஞ்சினி அதற்குப் பிறகு சோற்றில் கை வைக்கவில்லை.

மகளும் மருமகனும் போனதும் சோதிலிங்கம் கணக்குப் பார்த்தார். மகளைச் சேர்க்க ஒரு தரம், பிள்ளையைப் பார்க்க இரண்டு தரம், கூட்டிவர ஒரு தரம். பிடிபட்டால் தரத்துக்கு நூறு. பிடிபடாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே சராசரியாக ஐம்பது என்று மனைவியிடம் விளக்கினார். இதைவிட மலிவாக யாரும் நகரத்துக்குள் போய்வர முடியாது என்றும் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, பேரப்பிள்ளை முதன்முதலா வெளிக்கிடுற பயணம்" என்றாள் ரஞ்சினி. "அதைக் களவாத்தான் கொண்டுவரப் போறியளோ?"

சராசரிக் கணக்கு அத்தோடு முடிந்தது.

அடுத்த நாள் அவர் புவனேந்திரனின் கராஜுக்குப் போனார். புவனேந்திரன் எந்த வாகனத்தையும் ஓட வைத்துவிடுவான் என்று ஊரில் பெயர். புகைக்குழாயில் ஒரு வடிகட்டி பூட்டினால் அலுவல் முடிந்தது என்று அவன் சொல்லி, எங்கேயோ ஒன்றைத் தேடி எடுத்தும் கொடுத்தான். கார் இரண்டு கிழமை கராஜில் நின்றது. சோதிலிங்கம் விடியற்காலை வேலைக்கு பஸ்ஸில் போனார். அந்தப் பாதையில் பஸ் வருவதே அபூர்வம் என்பதால் பாதி நாள் நடந்தார்.

கடைசியில் புவனேந்திரன் கூப்பிட்டான். வடிகட்டி காருக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தது.

"அண்ணை, இது பொருந்துதில்லை. எல்லா விதமாயும் பார்த்திட்டன். பழைய குழாயையே திருப்பிப் பூட்டியிருக்கிறன்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "பொருந்தியிருந்தாலும் மஞ்சள் வட்டம்தான் தருவாங்கள். மஞ்சளை உள்ளுக்கு விடாங்கள்" என்றான்.

"இதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே?"

"முதல் எனக்கும் தெரியாது அண்ணை."

வடிகட்டிக்கும் கூலிக்கும் கொடுத்ததை எண்ணிப் பார்த்தால், நாலு தரம் பிடிபட்டிருந்தாலும் அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும். சோதிலிங்கம் அதை ரஞ்சினியிடம் சொல்லவில்லை. வாடகைக் கார் எடுப்போம் என்றுதான் சொன்னார்.

பழகிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மின்சாரக் கார் ஒன்றை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். ரஞ்சினி பின் ஆசனத்தில் ஏறி, கைப்பையைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். சோதிலிங்கம் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் இல்லை. கார் இன்னும் உயிர் பெறவில்லை என்று எண்ணி, ஒரு பிடியைத் திருப்பி, காலால் நன்றாக மிதித்தார். அது முதலிலேயே உயிர் பெற்றிருந்தது. சத்தமில்லாமல் பின்னால் பாய்ந்து பக்கத்து மதிலில் போய் நின்றது.

"இந்தக் காரிலையோ பிள்ளையை ஏத்தப் போறியள்?" என்று ரஞ்சினி மெதுவாகக் கேட்டாள். கைப்பையை அவள் இன்னும் விடவில்லை.

அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் காரின் பின்பக்கத்துக்கும் மதிலுக்கும் அவர் கட்டிய காசுக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் நகரத்துக்குள் சட்டவிரோதமாகச் சுற்றித் திரிந்திருக்கலாம்.

அன்று மாலை மதீசன் தொலைபேசியில் சுகம் விசாரித்தான். சைக்கிள் பெட்டிக்கு மெத்தை வாங்கிவிட்டதாகவும், சாரங்கா ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்ததாகவும் சொன்னான். நல்ல பிள்ளை. அவனோடு கோபிக்கவும் முடியவில்லை.

பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சோதிலிங்கம் தோற்றுப் போனதை ஒப்புக்கொண்டார். நீலக் காரை விற்று, வாற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, பச்சை வட்டம் உள்ள ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. விளம்பரம் போட்டார். ஒரேயொருத்திதான் கேட்டு எழுதினாள். பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்பவளாம். பெயர் லாரா.

அவள் வருவதாகச் சொன்ன நாளில் சோதிலிங்கம் விடிந்ததும் எழுந்து காரைக் கழுவினார். ஆசனங்களைத் துடைத்தார். பின் ஆசனத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். ரஞ்சினி யன்னலால் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் உள்ளே போனாள்.

லாரா எண்ணெய்க்கறை படிந்த மேலங்கியோடு வந்தாள். வணக்கம் சொன்ன கையோடு காருக்குக் கீழே புகுந்துவிட்டாள். வெகுநேரம் அவளுடைய சப்பாத்துகள் மட்டுமே வெளியே தெரிந்தன. பிறகு வெளியே வந்து எஞ்சினைப் பார்த்தாள், கதவுகளைத் திறந்து மூடினாள்.

எதையாவது மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

வாங்க வந்தவளுக்குக் குறைகளை மறைப்பது சரியில்லை என்று சோதிலிங்கம் உள்ளதைச் சொன்னார். வடிகட்டி பூட்டப் பார்த்தது, அது பொருந்தவில்லை. புது றேடியோ வாங்கியது, அது பழைய றேடியோ இருந்த பள்ளத்துக்குள் போகவில்லை. இன்னும் கசெட்தான். நிறம் ஒருபோதும் மாற்றவில்லை. குழாய், விளக்கு, ஆசனம் எல்லாம் கார் வந்தபோது இருந்த அதே மாதிரிதான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது.

முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த மாதம் தெருவில் இறங்கியது என்று அவள் கேட்டாள். அதைச் சொன்னார். அவள் விரல் மடித்து எண்ணினாள். எஞ்சின் மூடியை மிகவும் பத்திரமாகச் சாத்தினாள்.

"இதை நான் வாங்கமாட்டேன்" என்றாள்.

தேத்தண்ணியோடு வந்த ரஞ்சினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சோதிலிங்கம் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு, அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

லாரா கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வாங்கினால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். இதற்கு அடுத்த மாதம் முப்பது வயது. முப்பது வயதாகி, ஒன்றுமே மாற்றாமல் இருக்கிற காரைப் பரிசோதித்து, பண்பாட்டுச் சொத்து என்று பதிந்து கொடுப்பார்கள். அதற்குப் பிறகு எந்த வட்டமும் வேண்டாம், எந்த நகரத்துக்குள்ளும் போகலாம். இவ்வளவு நாளும் உங்கள் கார் உள்ளே போக முடியாமல் நின்றது பழசாகிப் போனதால் அல்ல, இன்னும் போதிய அளவு பழசாகாததால்."