வாசலில் ஒரு ஜோடி ஷூ

ஷூ வாசலுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாட்ச்மேன் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, சார் வெளியவே போறதில்லையா? வச்ச ஷூ வச்ச இடத்துலயே இருக்கே."

கண்ணாடிக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தக் குடியிருப்பில் அவளுக்கு அதுதான் பெயர். மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். கீழ்வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிப் போன நாளிலிருந்து அவளுடைய அக்கா போனில் ஒரே பாட்டு. "ஒண்டியா இருந்தது போதும். மூட்டையக் கட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு."

அக்கா வீடு என்றால் டிவியில் அக்கா வீட்டுக்காரர் பார்க்கும் சேனல்தான், அக்கா சொல்லும் நேரத்தில்தான் தூக்கம். இங்கே ஜன்னலோர நாற்காலி, நினைத்தபோது பாட்டு, ஏன் என்று கேட்க ஆளில்லாத ராஜ்ஜியம். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. நகை வைத்துக்கொள் என்று அக்கா ஒரு பழைய இரும்பு பீரோவை வேறு அனுப்பியிருந்தாள். அதன் பூட்டு இறுகிப்போய்த் திறக்கவே முடியவில்லை. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல், அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே தூக்கிப் போடவும் ஆள் கிடைக்கவில்லை.

அதனால்தான் பழைய சாமான் கடையில் பெரிய ஆண்பிள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கி வாசலில் விட்டாள். உள்ளே ஒரு தடியன் இருக்கிறான் என்று திருடன் நினைத்துக்கொள்ளட்டும்.

"அவருக்கு நைட் டூட்டி. நீங்க தூங்கற நேரத்துல போவாரு" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

வாட்ச்மேன் முகம் வாடிவிட்டது. "நான் எங்கம்மா தூங்கறேன்?"

"சேச்சே, அதில்ல. உங்களுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும். கடைக்கு வாங்க, பாக்கறேன்."

சொன்ன பொய்க்குத் தண்டனையாகத் தன் செலவிலேயே அவருக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொடுத்தாள். அன்று முதல் ஷூவைத் தினமும் ராத்திரி உள்ளே எடுப்பதும், காலையில் பூந்தொட்டி மண்ணைப் பூசி வெளியே வைப்பதும் ஒரு வேலையாகிவிட்டது.

அடுத்து எதிர்வீட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் குரலையே கேட்டதில்லையே. நீங்க சண்டைகூடப் போட மாட்டீங்களா?"

மறுநாள் அவள் கடை முதலாளியிடம் போனை நீட்டினாள். "இதுல கொஞ்சம் இருமுங்க சார்."

முதலாளி தாராள மனசுக்காரர். வயிற்றிலிருந்து இருமிவிட்டு, கேட்காமலேயே "யாருடா அது?" என்று ஓர் அதட்டலையும் சேர்த்துக்கொடுத்தார். தினமும் அதைக் கதவருகே ஓடவிட்டாள். அது நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் கூடுதலாகவே செய்தது. மூன்றாம் நாள் டீச்சர் இருமல் மருந்தோடு வந்து நின்றார்.

"நெஞ்சுல சளி நல்லாக் கட்டியிருக்கு. எழுப்புங்க, நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, வேணாம் டீச்சர். அவருக்கு முன்கோபம். யாராவது எதுக்க வந்து பேசினாலே பிடிக்காது. பாத்தாலும் பாக்காத மாதிரி போயிடுங்க. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

டீச்சர் எல்லோருக்கும் சொன்னார். மூன்றாவது மாடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவது நின்றது. குடியிருப்புச் செயலாளர் பூனை நடை நடந்து வந்து கதவைத் தட்டினார்.

"சார் மாதிரி ஆள்தாம்மா நமக்கு வேணும். பாதுகாப்புக் கமிட்டிக்கு அவரையே தலைவராப் போட்டுட்டோம். ஆட்சேபணை இருந்தா சொல்லச் சொல்லுங்க."

பிறக்காத மனிதர் எப்படி ஆட்சேபிப்பார்? பதவி உறுதியானது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருமல் குறையவில்லையே என்று டீச்சருக்கு இருப்புக்கொள்ளாமல், எங்கிருந்தோ நம்பர் வாங்கி அக்காவுக்கே போன் போட்டுவிட்டார். அக்கா அழுத கண்ணோடு கடைக்குள் நுழைந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கிட்ட. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஆள் யாரு, என்ன வேலை, ஒண்ணும் தெரியல. இருமறான்ங்கறது மட்டும் தெரியுது."

"அக்கா, அப்படி ஒரு ஆளே கிடையாதுக்கா."

ஷூவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா நம்பவில்லை. கடைசியில் முதலாளி எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு தடவை இருமிக் காட்டினார். "யாருடா அது?" என்றும் கேட்டார். அக்கா கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இவ்வளவு கூத்து அடிச்சிருக்கியே. அந்த வீடு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குக்கா."

"அப்ப இருந்துட்டுப் போ. அந்த இருமலுக்குப் பயப்படாத திருடன் இனிமேதான் பொறக்கணும். நான் வாயத் தொறக்கல."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்போதே கிளம்பினாள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போல இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அக்கா இருமிக்காட்டிக்கொண்டே வந்தாள்.

வாயிலில் வாட்ச்மேன் எழுந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, பெரிதாக ஒரு சலாம் வைத்தார்.

"சார் இப்பதாம்மா கெளம்பினாரு. நீங்க போட்டுக்குடுத்த கண்ணாடியில அந்த ஷூ தூரத்துலயே பளிச்சுனு தெரிஞ்சுது. நீங்க சொன்னபடி நாங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கல, நானும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு பீரோவ வண்டியில ஏத்திவிட்டோம், இருமல்கூட இன்னைக்குச் சுத்தமா இல்லம்மா."