காஜாவுக்கு ஒரு கையெழுத்து

அரியலூரில் சிமெண்ட் தூசுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். தூசு டெய்லருக்குப் பயப்படாதவர் ஒருவர்கூட இல்லை.

எழுபதுகளின் கடைசியில் தாலுகா ஆபீஸில் எனக்கு மனு வாங்கும் வேலை. குடியிருந்தது டெய்லர் கடையின் மாடி அறையில். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகூட அவரிடமிருந்து விடுதலை இல்லை. ஆபீஸுக்கு மனு வரும். மாடிக்கு மனுதாரரே வருவார்.

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு சிமெண்ட் ஆலை. காற்று திரும்பினால் சோற்றில் தூசு, குடத்துத் தண்ணீரில் தூசு. முருங்கை மரம்கூட நரைத்துப் போயிருக்கும். டெய்லரின் மனைவி வைரம்மாவுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும் சத்தம் மாடிவரை கேட்கும். சத்தம் கூடினால் டெய்லர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுப்பார்.

'ஐயா, எங்கள் தெருவில் காற்று சரியில்லை' என்றுதான் எல்லா மனுவும் தொடங்கும். தூசு டெய்லர் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். நானும் முத்திரை குத்தி மேலே அனுப்புவேன். மேலே போனது எதுவும் கீழே வந்ததில்லை.

ஒற்றைக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று நான்தான் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே கடையில் புதுச் சட்டம்: மனுவில் கையெழுத்துப் போடாதவர் சட்டைக்குக் காஜா கிடையாது. துளையே இல்லாவிட்டால் பொத்தானை எதில் மாட்டுவது? ஒருவர் தீபாவளிச் சட்டையை ஊக்குக் குத்திக்கொண்டு போட்டார். ஒரு மாப்பிள்ளை, பெண் வீட்டாரையெல்லாம் கூட்டிவந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் மார்பை மூட முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், ஆலை சூப்பர்வைசரின் கால்சட்டை. கால்சட்டையிலும் காஜா உண்டு, முக்கியமான இடத்தில்.

"யோவ், எங்க ஆலை மேல நானே மனு போடறதா? வேலை போயிடும்யா!"

"வேட்டி கட்டிக்கிட்டுப் போங்க சார். காத்தோட்டமா இருக்கும்."

"மவ கல்யாணம்யா."

"நல்லா நடக்கட்டும் சார். இங்கன ஒரு கையெழுத்து."

யாருக்கும் புரியாதபடி கிறுக்கினார் அவர். பதவியையும் எழுதச் சொல்லாமல் விட்டது டெய்லரின் கருணை. உள்ளேயிருந்து வைரம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நிற்கவே இல்லை. சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அந்த வருஷம் மழைக்கு முன்பே வைரம்மா திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றும் டெய்லரின் மனு ஒன்று என் மேஜையில் கிடந்தது. சோம்பலில் நான் அதை மேலே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டெய்லர் கடையைத் திறக்கவில்லை. மனுவும் வரவில்லை. இந்த மனுக்கள் ஓயாதா என்று எத்தனையோ நாள் ஏங்கியவன் நான். இப்போது வெறும் மேஜையைப் பார்க்க முடியாமல் டீ குடிக்க எழுந்து போய்விடுவேன்.

ஒரு காலையில் எதிர்வீட்டு ரஹ்மத்பீ அக்கா, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து டெய்லரின் கதவைத் தட்டினார்.

"அண்ணே, திங்கக்கெழம திருச்சிக்குப் போறோம். கலெக்டரையே நேர்ல பாக்கப் போறோம். மனு எப்புடி எழுதறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்கும்மா? அவளே போயிட்டா."

"எங்க வூட்டுப் புள்ளைகளும் இருமுதுங்கண்ணே. வைரம்மா இருந்தா சும்மா விட்டுருவாங்களா?"

டெய்லர் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். பிறகு, "பேனாவுல மை இருக்கான்னு பாக்கறேன்" என்று உள்ளே போனார்.

நானும் அவர்களோடு போனேன். திங்கட்கிழமை தலை வலிக்கும் என்று சனிக்கிழமையே லீவு எழுதிக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் எங்கள் தாசில்தாரே எதிரே வந்தார்.

"தலைவலி எப்படி இருக்கு?"

"இப்பப் பரவாயில்லைங்க சார்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மத்தியானம்வரை நின்று உள்ளே போனோம். மனுவை டெய்லர் நீட்டினார். அக்காதான் பேசினார். ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதிசயமாக, அனுப்பவும் செய்தார்கள். பல மாதம் கழித்து, இரண்டு புகைபோக்கிகளில் ஒன்றுக்குத் தூசு பிடிக்கும் கருவி வந்தது.

"பாதி மூச்சு வந்துருக்கு" என்றார் டெய்லர்.

மீதி மூச்சுக்கும் எல்லோருமாக மனு எழுதினார்கள். அது வருவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது கருவி வந்த சேதியை, பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போயிருந்த எனக்கு அக்கா கார்டில் எழுதினார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது, திருச்சியிலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்தான். பஸ்ஸில் பெண்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, வேண்டாம் வேண்டாம் என்ற டெய்லரின் கையில் திணித்தார்கள். வைரம்மா போன பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். கையைத் துடைத்துக்கொண்டவர் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

லால்குடி தாண்டியது, புள்ளம்பாடி தாண்டியது. ஊர் வந்து சேரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.