ராஜா வீட்டுப் பிள்ளையும் மஞ்சள் வேனும்

எனக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும் என்று முதன்முதலில் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை. இருந்தாலும் அந்த ஒரு கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, கையில் மைக் கிடைத்தால் விடுவதில்லை என்று பல வருஷம் வாழ்ந்தேன். அந்தப் பழக்கம் ஒரே சாயங்காலத்தில் என்னை விட்டுப் போனது.

என் பெயர் ஏகாம்பரம். குடியிருப்பது உத்திரமேரூர். திருப்புலிவனம் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.)

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தினமும் காலையில் ஒரு மஞ்சள் வேன் ஊருக்குள் வரும். நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த வருஷம் எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் தலைமையாசிரியை சரோஜா மேடம் பள்ளி வாசலில் நின்று அந்த வேனைப் பார்க்கிற பார்வைக்கு டயர் இன்னும் வெடிக்காதது எனக்கு ஆச்சரியம்.

ஒருநாள் மதியம் மேடம் செல்போனில் ஒரு செய்தி படித்தார். ஏதோ ஒரு வெளிநாட்டில் ராஜா வீட்டுப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்று ஊர் உலகமெல்லாம் அடித்துக்கொள்கிறார்களாம். மேடம் நிமிர்ந்தார்.

"நம்ம ஆண்டு விழாவுக்கு இதையே பட்டிமன்றமா வெச்சா என்ன? 'ராஜா வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டியது அரசுப் பள்ளியிலா, தனியார் பள்ளியிலா?' நடுவர் நான். அரசுப் பள்ளிதான்னு தீர்ப்பு சொல்றேன். ஊர் ஜனம் கேட்டாவது திருந்தட்டும்."

தீர்ப்பு தயாராகிவிட்டது. இனி வழக்குதான் பாக்கி. அரசுப் பள்ளிக்காகப் பேச நான் கையைத் தூக்கினேன். (வேறு யாரும் தூக்கவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.) தனியார் பக்கம் பேச ஆள் இல்லை. எங்கள் ஆசிரியர்கள் யாரும் முன்வரவில்லை. எங்கள் பிள்ளைகளெல்லாம் எங்கே படிக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. அது ஸ்டாஃப் ரூம் நாகரிகம்.

கடைசியில் முன்வந்தவர் அஞ்சலை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய மகள் ரேவதி எங்கள் பள்ளியில் நாலாவது படித்தாள். தலைவி என்றால் நாங்கள் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருந்தோம். அவரோ முழுதாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். எங்களுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

"இன்னா டீச்சர், தோக்கறதுக்கு ஒரு ஆளு வோணும், அவ்ளோதான? நான் பேசறேன்" என்றார்.

"தோக்கறதுக்குன்னு இல்ல அஞ்சலை. ஒரு சுவாரஸ்யத்துக்குத்தான்" என்றார் மேடம்.

"அதான் டீச்சர். சுவாரஸ்யமா தோக்கறேன்."

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். என் மகள் மகிழினி அப்போது இரண்டாம் வகுப்பு. படித்தது, அந்த மஞ்சள் வேன் பள்ளியில். அந்தப் பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று இருக்கும். அங்கே படித்த பிள்ளைகளில் அதிகத் தொலைவிலிருந்து வந்தவன் பக்கத்து ஊர் மாகறல்காரன்.

அவளை அங்கே சேர்த்தது என் மனைவி கலாவின் முடிவு என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். கலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். உண்மையில் நடந்தது வேறு. "நம்ம ஸ்கூல்லயே சேக்கலாமா?" என்று நான் ஒப்புக்கு ஒருமுறை கேட்டேன். "நீ பாடம் நடத்தற ஸ்கூல்லயா?" என்று கேட்டாள். மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை.

மாலையில் மஞ்சள் வேன் பிள்ளைகளை இறக்கிவிட ஊருக்குள் வரும்போது நான் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்துவிடுவேன். டிரைவர் என்னைப் பார்த்து, "சார், பாப்பா வாட்டர் பாட்டில வண்டிலயே வுட்டுட்டு பூட்ச்சி!" என்று கத்திவிட்டால் என் கதி என்ன?

பட்டிமன்றத்தில் எனக்கு ஏழு நிமிஷம். அதற்கு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். வீட்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால், கையை ஆட்டி, குரலை ஏற்றி, இறக்கி. கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே மகிழினி கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு வரியில் எனக்கு எப்போதும் தடுக்கும். அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். நல்ல ஞாபகசக்தி, என்னைப்போல என்று பெருமைப்பட்டேன்.

விழா நாள் வந்தது. மைதானத்தில் ஷாமியானா. நல்ல கூட்டம். கலாவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. மேடையில் இருக்கிறவனை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று சைலண்ட்டில் போட்டேன்.

"குடவோலை கண்ட உத்திரமேரூர் மண்ணிலே!" என்று ஆரம்பித்தேன். (எங்கள் பக்கத்தில் மைக் பிடித்தால் குடவோலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். கோழிக்கறிக் கடைத் திறப்பு விழாவானாலும் அப்படித்தான்.) "மன்னன் மகனும் மண் சுமப்பவன் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டாமா? ராஜா வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளியில் சேர்ந்தால் இந்தப் பள்ளியே அரண்மனை ஆகாதா?"

கைதட்டல். எனக்கு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மஞ்சள் வேன் திரும்பியது. கடவுளே எனக்காக அனுப்பியது என்று நினைத்தேன்.

"அதோ! அதோ வருகிறது பாருங்கள்!" என்று கையை நீட்டினேன். மொத்தக் கூட்டமும் திரும்பியது. "நம் பிள்ளைகளை நம்மிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் மஞ்சள் பிசாசு! அதில் ஏறுவது யார்? ஏற்றுவது யார்?"

வழக்கமாகத் தாண்டிப் போய்விடும் வேன் அன்றைக்குப் பள்ளி வாசலில் நின்றது. கதவு திறந்தது. வெள்ளை சாக்ஸ், சிவப்பு டை, முதுகில் பை. என் மகள் இறங்கினாள்.

"அப்பா! அம்மாவுக்கு டெலிவரி கேஸாம்! உன்கூட இருக்கச் சொன்னாங்க!"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "சார்! உங்க வூட்டு மேடம் போன் பண்ணிக்கினே கீறாங்களாம். நீங்க எடுக்கலியாம்!"

இருநூறு தலைகள் வேனிலிருந்து என் பக்கம் திரும்பின. அடுத்த வரி என்ன என்பது மட்டுமல்ல, என் பெயர் என்ன என்று கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

மகிழினிக்கு என் முகம் பழக்கமானது. பீரோக் கண்ணாடி முன்னால் தடுக்கும்போது இருக்கிற அதே முகம். பாவம், அப்பா மாட்டிக்கொண்டார் என்று பையோடு ஓடி வந்து, மேடைக்கு அடியில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு சத்தமாக எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா! 'பெற்ற பிள்ளையைத் தனியாருக்கு அனுப்பிவிட்டு'!"

வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக, நான் வீட்டில் செய்கிற கையசைவோடு முழுதாகச் சொன்னாள்.

"'பெற்ற பிள்ளையைத் தனியாருக்கு அனுப்பிவிட்டு மேடையில் முழங்கும் போலிகளே! உங்கள் முகத்திரை இன்று கிழியட்டும்!' அப்புறம் தண்ணி குடிக்கணும்ப்பா!"

நான் தண்ணீர் குடித்தேன்.

வேறு என்ன செய்ய? தண்ணீர் உள்ளே இறங்குகிற சத்தம் மைக்கில் கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "கிளிஞ்சிதுபா!" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் சிரித்த சிரிப்பில் ஷாமியானாவின் ஒரு கம்பு ஆடியதை நானே பார்த்தேன்.

அடுத்து அஞ்சலை எழுந்தார். என் தோலை உரிப்பதைப் பார்க்க ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன், குனிந்து.

"எல்லாருக்கும் வணக்கம். எனுக்குக் குடவோலலாம் தெரியாது. ராஜா வூட்டுப் புள்ள தனியார்லதான் படிக்கணும்னு பேசச் சொன்னாங்கோ. நானும் அதான் சொல்றேன், அங்கியே படிக்கட்டும். இங்க பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுக்குக் கதவு இல்ல. ரெண்டு வருசமா மனு குடுத்துக்கினு கீறோம். ராஜா புள்ள வந்தா மறுநாளே கதவு வந்துடும், இல்ல? நீங்கல்லாம் கைகூட தட்டுவீங்கோ. நான் ஒண்ணு கேக்கறேன். அப்ப இத்தினி நாளா கதவில்லாம உள்ள போச்சுங்களே, அதுங்கல்லாம் யாரு புள்ளைங்கோ?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"சார் மேல எனுக்குக் கோவம் இல்ல. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாருன்னு எம் பொண்ணு சொல்லுது. ஆனா ஒரு ஓட்டல்ல சமையக்காரரு வூட்லருந்து டிபன் பாக்ஸ் எடுத்தாந்து தின்னுகினு, நம்மள மட்டும் 'வாங்க வாங்க, இங்க சாப்பாடு பிரமாதம்'னு கூப்டா நமக்கு இன்னா தோணும்? அவருக்கு மட்டும் தெரிஞ்ச இன்னாவோ ஒண்ணு உள்ள கீதுன்னுதான தோணும்? அவ்ளோதான். தோத்துட்டனா டீச்சர்?"

சரோஜா மேடம் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த தீர்ப்பை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அஞ்சலைதான் ஜெயிச்சாங்க. கதவுக்கு மறுபடியும் ஒரு மனு போடுவோம். ஏகாம்பரம் சார் எழுதுவார். எல்லாரும் எழுந்து நில்லுங்க, தேசிய கீதம்" என்றார். தன் பிள்ளைகள் இருவரும் எங்கே படித்தார்கள் என்று யாராவது கேட்பதற்குள் பாடி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

கூட்டம் கலையும் வரை ஸ்டாஃப் ரூமில் பரிசோதனைக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தன.) மகிழினி மைதானத்தில் ரேவதியோடு ஓடிப் பிடித்து விளையாடினாள். ஒற்றை ஷூவோடு திரும்பி வந்தாள்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கேட்டாள்: "அப்பா, போலின்னா என்ன? நாம சாப்பிடற போளியா?"

"ஆமாம்மா. அதேதான்" என்றேன்.

இரவு கலா வேலை முடிந்து வந்ததும் மகிழினி அவளிடம் ஓடினாள். "அம்மா! அப்பா ஒரு போளியாம்! ஊரே சிரிச்சிது!"

கலாவுக்கு விஷயம் முன்பே வந்து சேர்ந்திருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமியார் அந்த ஊர்க்காரராம். "வலில கத்திக்கினு இருந்த பொண்ணுகூட சிரிச்சிடுச்சி. சுகப்பிரசவம்" என்றாள். என் பேச்சால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

ஜூன் மாதம் மகிழினி அடம் பிடித்தாள். ரேவதி பள்ளிதான் வேண்டும், அங்கே டை கட்ட வேண்டாம் என்று. இந்த முறை கலாவும் தடுக்கவில்லை. "சேத்துக்கோ. ஆனா நடத்தப் போற பாடத்த முந்தின நாளே வூட்ல படிச்சிட்டுப் போ" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் நான் பாடப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தது அப்போதுதான்.

கதவு மனுவை நான் விழா நடந்த பிப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகிழினி செருப்பைக்கூடக் கழற்றாமல் கக்கூஸுக்கு ஓடினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் லீவு போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் கதவு வந்தது.

அஞ்சலை வந்து அதை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார்.

"நல்லா கீது சார்" என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "ரேவதி ரெண்டு வருசமா அடக்கிக்கினுதான் வூட்டுக்கு வந்துச்சு. அப்ப உங்ககிட்ட வண்டி இல்லியா சார்?"

வண்டி இருந்தது.

இப்போது மகிழினி ஐந்தாம் வகுப்பு. அந்த விழாவிலிருந்து ஊரில் எனக்கு 'ராஜா சார்' என்று பெயர். ராஜா வீட்டுப் பிள்ளைக்காக முழங்கியவர் என்று அர்த்தம். பிள்ளைகள், பெற்றோர், டீக்கடை, எல்லோருக்கும் அதுதான் பெயர். ஏகாம்பரம் எனக்கே மறந்துபோகும்.

சரோஜா மேடம் ஓய்வு பெற்றுப் புதிய தலைமையாசிரியை வந்தார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ராஜா சார், இந்த ஏகாம்பரம்னு ஒருத்தர் தினமும் கையெழுத்து மட்டும் போட்டுட்டு எங்க போறார்? நான் ஆளைப் பார்த்ததே இல்ல. விளக்கம் கேட்டு மெமோ எழுதியிருக்கேன். நீங்களே அவர்கிட்ட குடுத்துடுங்க."

வாங்கிக்கொண்டேன். படித்தேன். கடுமையாகத்தான் எழுதியிருந்தார்.

"மேடம், அது நான்தான். ராஜாங்கறது ஊர்ல வெச்ச பேரு."

"அப்படியா? ஏதாவது ராஜ வம்சமா சார்?"

"ஆமாம் மேடம். ஒரே நாள்ல ஆட்சி போன வம்சம்."

சாக்பீஸ் வாங்க வந்து வாசலில் நின்றிருந்த மகிழினி உள்ளே தலையை நீட்டினாள்.

"ஒரு நாள் இல்ல மேடம். ஏழு நிமிஷம்."