சுவரேறிய ஓ

"ஏம்மா மார்லீன், இந்த ஓ-வுக்கு என்ன கேடு? யாரோ மேல உக்காந்து அமுக்கின மாதிரி இருக்கு!"

மார்லீன் காலைக் காபியை வாயில் வைப்பதற்குள் ஸ்டான் வோய்சிக் தொலைபேசியில் கத்தினார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தி விளையாடும் அவருடைய பவுலிங் கூடத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை. பி, ஓ, டபிள்யூ, எல் என்று ஆள் உயரத்துக்கு நான்கு எழுத்துகள், உள்ளே விளக்கு. மார்லீன் வருஷக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த தடித்த எழுத்துரு முதன்முதலாக வெளியுலகைப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் சரிப்படாவிட்டால் கம்ப்யூட்டரில் சும்மா கிடைக்கிற எழுத்தை மாட்டிவிடுவதாக ஸ்டான் மிரட்டியிருந்தார்.

மார்லீன் ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். மனிதர் பொய் சொல்லவில்லை. மேலும் கீழும் தடித்து, ஓ அசிங்கமாக இருந்தது. காகிதத்தில் எத்தனை அழகாக இருந்தது!

"காம்பஸ் வச்சு ஒரு வட்டம் போடத் தெரியாதா உனக்கு?"

"அப்படிப் போட்டா கண்ணுக்கு வட்டமாத் தெரியாது ஸ்டான். மேலயும் கீழயும் குண்டாத் தெரியும். அதனாலதான் அந்த ரெண்டு இடத்தையும் கொஞ்சம் இளைக்க வச்சிருக்கேன்."

"இளைச்சதா இது? மூணு வேளையும் சாசேஜ் தின்ன மாதிரி இருக்கு!"

இளைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று அவள் மேலும் கீழும் இன்னும் செதுக்கிப் புது ஓ செய்துகொடுத்தாள். பலகை மாட்டும் எர்னி முனகிக்கொண்டே ஏணியில் ஏறி மாட்டினான்.

முன்னைவிட மோசம்.

பிடிவாதமாக இன்னும் செதுக்கினாள். அதுவும் ஏறியது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "டயர்ல காத்து இறங்கிடுச்சே!" என்றார்.

"கேட்டியா? ஊரே சிரிக்குது!" என்றார் ஸ்டான்.

மார்லீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் கண்ணையே அவள் நம்பவில்லை. வியாழக்கிழமை மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, காம்பஸ் எடுத்து உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம் போட்டாள். எந்தப் பக்கமும் ஒரே தடிமன். அவளிடம் எழுத்து வரையக் கற்கும் மாணவர்கள் இப்படி வரைந்தால் அவள் தாளைக் கிழித்துப் போடுவாள்.

எர்னி அதையும் மாட்டினான்.

"இதாம்மா ஓ!" ஸ்டான் கைதட்டினார். "இத்தனை வருஷம் என்னத்தப் படிச்சியோ, போ!"

மார்லீன், இனி பென்சிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு காரை நோக்கி நடந்தாள்.

ஏணியிலிருந்து இறங்கிய எர்னி தன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"மேடம், அடுத்த தடவையாவது வயர் துளையைக் கீழ்ப்பக்கம் போடச் சொல்லுங்க. சுவர்ல வயர் கீழதான் வருது, நீங்க துளையைப் பக்கவாட்டுல போட்டு அனுப்புறீங்க. வட்டம்தானேன்னு ஒவ்வொரு ஓ-வையும் கால் சுத்து திருப்பித் திருப்பி மாட்டி என் கையே ஒடிஞ்சு போச்சு!"