போடியில் இளவரசிகள் உற்பத்தியான வரலாறு

உலகத்து நாகரிக தேசங்களெல்லாம் பெண்பிள்ளைகளை அடக்க ஒடுக்கமாக வளர்ப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், போடிநாயக்கனூர் அந்தக் காரியத்தை ஒரே சாயங்காலத்தில் முடித்துக் காட்டியது. ஆண்டு 1912. பெருமை முழுவதும் 'போடி பாலர் நல்லொழுக்க அபிவிருத்திச் சபை'யைச் சேரும். சபையின் பெருமை முழுவதும் அதன் காரியதரிசி சீனிச்சாமியைச் சேரும். சபையின் குறிப்புப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. அதை எழுதியவர் சீனிச்சாமி.

சீனிச்சாமிக்கு மலைமேல் ஓர் ஏலத்தோட்டமும், மூக்கின்மேல் ஒரு கண்ணாடியும் இருந்தன. தோட்டத்தை அவர் மனைவி ஆயம்மாள் பார்த்துக்கொண்டாள். கண்ணாடியை அவர் பார்த்துக்கொண்டார்.

சபைக்கு ஐந்து உறுப்பினர்கள். தலைவர் ஜக்கையன், ஆயம்மாளின் அண்ணன். மற்ற மூவரும் ஆமோதிப்பவர்கள்.

சபையின் முன்னிருந்த பிரச்சினை, கூவல்.

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் மலையில் மூடுபனி இறங்கினால் தன் கை தனக்குத் தெரியாது. செடித் தூரில் குனிந்து காய் எடுக்கும் பெண்கள் அவ்வப்போது நிமிர்ந்து ஒரு கூவல் கூவுவார்கள். கேட்டவள் திருப்பிக் கூவ வேண்டும். பதில் வராவிட்டால் ஓர் ஆள் குறைகிறது என்று பொருள். எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டுத் தேடப் போவார்கள். யானை இருந்தால் அதுவும் சத்தம் கேட்டு விலகிக்கொள்ளும். சின்னப் பெண்பிள்ளைகளின் குரல்தான் நெடுந்தூரம் போகும் என்பதால், தாய்மார்கள் அவர்களையும் கூட்டிக்கொண்டு மலையேறினார்கள். அங்கே கூவிப் பழகிய பிள்ளைகள் ஊருக்குள் வந்தும் கூவின. கிணற்றடியில் கூவின. சந்தையில் கூவின. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், பேச்சின் நடுவிலேயே கூவின.

எல்லாரிலும் பெரிய குரல் சீனிச்சாமியின் மகள் வேலுத்தாயினுடையது. வயது பதினொன்று. அவள் கூவினால் அடுத்த மலையிலும் சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக் கை கழுவுவார்கள்.

வேலுத்தாயை ஜக்கையனின் மகன் சோலைமலைக்குக் கட்டுவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். தாய்மாமன் வீடு, மறுபேச்சுக்கு இடமில்லை. மார்கழி பிறப்பதற்குள் பாக்கு மாற்றி நிச்சயம் செய்துவிட வேண்டும். ஜக்கையனுக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஒம் மக வாயத் தொறந்தா கொட்டகுடி ஆறு நின்னு கேக்குது மாப்ளே. எங்க வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் ஆகாது."

செய்தி வேலுத்தாயின் காதில் விழுந்தது. அடுப்படியில் நின்று தன் பாட்டுக்குச் சொன்னாள்: "சோலைமல மச்சானா? கால்ல ஒரு அட்டை ஏறுனா அழுவாக. எனக்கு வேணாம்."

இதைச் சபை தீர ஆலோசித்தது. பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் செல்லாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆனாலும் சீனிச்சாமிக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. மகள்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. அவளே மனம் மாறித் தலைகுனிந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தார். அதற்குக் கேட்பதைத் தவிர வேறு எந்த வழியானாலும் அவருக்குச் சம்மதம்.

வழி மதுரைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வந்தது. உக்கிரபாண்டி என்பவர் ஒரு விளக்கும் பதினெட்டுக் கண்ணாடிப் படங்களும் வைத்திருந்தார். விளக்கின்முன் கண்ணாடியைச் செருகினால் எதிரே கட்டிய வேட்டியில் படம் ஆளுயரம் விழும். விழுவதோடு அசையவும் செய்யும். கதை, ஓர் இளவரசியின் கதை. 'ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பாலர் அனைவரும் இதைக் கண்டு திருந்துவார்களாக' என்று சபை நான்காம் தீர்மானம் நிறைவேற்றியது.

சந்தைத் திடலில் பொழுது சாய்ந்ததும் விளக்கு ஏறியது.

இளவரசியின் முகம் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அரக்கன் அவளைத் தூக்கிக் கோபுரத்தில் அடைத்தான். இளவரசி உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். பிறகு மயங்கினாள். உக்கிரபாண்டி இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல்கண்ணாடியை மெல்ல இழுத்தார், இமைகள் தாழ்ந்தன. இன்னொன்றை இழுத்தார், கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பெண்பிள்ளைகளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்படி ஒரு மூச்சைப் போடி அதுவரை கேட்டதில்லை. அரக்கனுக்கு வாய் அசைந்தது. இளவரசனின் குதிரைக்குக் கால் அசைந்தது. இளவரசிக்கு வாய் அசைகிற கண்ணாடி மட்டும் செய்யப்படவில்லை.

இருட்டில் வேலுத்தாயின் குரல் கேட்டது. "அவ ஏன் கூவல?"

"இளவரசி கூவ மாட்டா பாப்பா" என்றார் உக்கிரபாண்டி. "அழுதாத்தான் இளவரசர் வருவாரு."

வந்தார். அரக்கனை வெட்டினார். இளவரசியைத் தூக்கிக் குதிரையில் வைத்தார். அடுத்த கண்ணாடியில் இருவர் கழுத்திலும் மாலை இருந்தது. குதிரைக்கும் மாலைக்கும் நடுவில் கண்ணாடி ஏதும் இல்லை.

படம் முடிந்ததும் சீனிச்சாமி எழுந்து ஒரு சிறு பிரசங்கம் செய்தார். இது வெறும் படமல்ல, நிஜம் என்றார். ஒவ்வொரு பெண்பிள்ளையும் இப்படியே இருக்க வேண்டும் என்றார். ஜக்கையன் கைதட்டினார். மற்ற மூவரும் ஆமோதித்தார்கள்.

பலன் மறுநாளே தெரிந்தது. கிணற்றடியில் குடங்கள் வரிசையாக நின்றன, இறைப்பாரில்லை. பிள்ளைகள் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருந்தன. ஒருத்தி முகத்தில் அரிசிமாவு பூசிக்கொண்டாள். ஊரில் கோபுரம் ஒன்றுதான், அதிலும் சாமி இருந்ததால், பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பரணில் ஏறிக்கொண்டன. ஆண்பிள்ளைகள் தென்னம்மட்டையைக் கத்தியாகச் செதுக்கிக்கொண்டு அரக்கனைத் தேடினார்கள். அரக்கன் கிடைக்காததால் சுமைக்கழுதைகளை அடித்தார்கள். பதினாறு வயதுச் சோலைமலையும் ஒரு மட்டையோடு கிளம்பி, சித்தப்பன் தோட்டத்தில் குலை தள்ளிய இரண்டு வாழைகளைச் சாய்த்தான். 'வீரம் தலையெடுக்கிறது' என்று சீனிச்சாமி குறிப்பில் எழுதினார்.

வேலுத்தாய் கூவுவதை நிறுத்தினாள். பேசினால் பக்கத்திலிருப்பவருக்குப் பாதிதான் கேட்டது. சீனிச்சாமி பாக்கு மாற்றும் நாளைச் சொன்னபோது பரணில் தலை குனிந்தபடி இருந்தாள்.

"சம்மதந்தான்" என்று ஜக்கையனிடம் போய்ச் சொன்னார்.

"கேட்டீகளா?"

"கேக்கவே வேண்டியதில்ல மச்சான். அப்பிடி மாறிட்டா."

கார்த்திகையில் கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆயம்மாள் தோட்டத்தை விட்டு இறங்க முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதனால் காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே பாக்கு மாற்றுவதென்று ஏற்பாடாயிற்று. ஜக்கையனும் சோலைமலையும் தட்டோடு முன்னால் போய்விட்டார்கள். சீனிச்சாமி மகளைக் கூட்டிக்கொண்டு முந்தல் அடிவாரம் வழியாக மலையேறினார். சம்பந்திக்கு முன்னால் மரியாதையாக இருக்கட்டுமென்று பூட்சு போட்டிருந்தார். அந்த மலையில் அவருக்கு முன் பூட்சு போட்டு ஏறியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் குதிரையில் ஏறினார்கள்.

ஸ்டோருக்கு இன்னும் ஒரு மேடுதான் இருந்தது. மூடுபனி இறங்கியது. பாசியில் பூட்சு வழுக்கியது. காரியதரிசி இரண்டாள் ஆழப் பள்ளத்தில் ஏலச்செடிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தார். எழப் பார்த்தார். வலது பாதம் அவரோடு வர மறுத்தது.

"வேலு."

"ம்" என்றது மேலே பனி.

"ஒரு கூவல் கூவு ஆத்தா. பக்கத்துலதான் ஆளுக இருக்கு. வெரசா."

அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொள்வது கேட்டது.

"இளவரசி கூவ மாட்டா அய்யா."

"அது படம்டி."

"நீங்கதான நெசம்னு சொன்னீக."

"அது ஊருக்குள்ள. இது காடு. ஆனை வரும்."

"ஆனை வந்தா இளவரசர் வருவாரு. அதுக்கு நான் அழணும். அழுகையே வர மாட்டேங்குது, அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

சீனிச்சாமி அவளுக்கு நியாயம் சொன்னார். அதட்டினார். கெஞ்சினார். ஊருக்குப் போனதும் பாசிமணி வாங்கித் தருவதாகச் சொன்னார். மேலே அடக்க ஒடுக்கமான மௌனம். சபையின் வெற்றி இவ்வளவு முழுமையானது என்று அவர் அன்றுவரை உணர்ந்ததில்லை.

தானே கூவிப் பார்த்தார். ஆண்கள் கூவிப் பழகியவர்களல்ல. அது பெண்பிள்ளைகளின் சோலி. வந்தது ஒரு செருமல். இன்னொரு முறை முயன்றார். ஏதோ ஓர் ஆட்டுக்குட்டி தாயைத் தேடுவதுபோல் இருந்தது. பக்கத்தில் மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. சீனிச்சாமி அழுதார். அழுதுகொண்டே காலைப் பார்த்தார். அது பார்க்க வேண்டிய பக்கத்தைப் பார்க்கவில்லை. மயங்கினார்.

நினைவு திரும்பியபோது மலையே ஒரு குரலாக இருந்தது. வேலுத்தாய் பாறைமேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து ஒரு கூவல் பதில் சொன்னது. மேட்டிலிருந்து இன்னொன்று. கீழே எங்கிருந்தோ மூன்றாவது. மூங்கில் ஒடிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

"இளவரசி கூவ மாட்டான்னியே" என்றார், ஈனக்குரலில்.

"நீங்க அழுதீக. மயங்குனீக. கதையில இளவரசி ஒருத்திதான அய்யா? அப்ப அது நீங்கதான். நான் சும்மாதான இருக்கேன்னு கூவுனேன்."

பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தவள் அன்னக்கொடி. காய் எடுப்பவள், மூட்டையோடு அந்த மலையை நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குபவள். பள்ளத்தில் இறங்கினாள். காலைப் பார்த்தாள். பூட்சைக் கழற்றித் தூர எறிந்தாள்.

"கழுத்தக் கட்டிக்கிருங்க மொதலாளி. கூச்சப்பட்டா நேரமாகும்."

கோணிச்சாக்கில் அவரை உட்காரவைத்து, கயிற்றை நெற்றியில் கொடுத்து, மூட்டையைத் தூக்குகிற தோதில் தூக்கிக்கொண்டாள். செங்குத்தான இடம் வந்ததும் சீனிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். யாரோ மேல்கண்ணாடியை இழுத்ததுபோல் இமைகள் தாழ்ந்தன.

ஸ்டோரில் காய் எடுக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். அடுப்போரம் சோலைமலை முழங்கால்வரை சாம்பல் பூசி உட்கார்ந்திருந்தான். அட்டை ஏறியிருந்ததால் கூவல் கேட்டும் அவனால் வர இயலவில்லை. ஆயம்மாள் கணவனின் காலைப் பிடித்து ஒரே திருப்பில் நேராக்கி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினாள். இளவரசி அலறியது அடுத்த மலைவரை கேட்டிருக்கும்.

அலறல் அடங்கட்டும் என்று ஜக்கையன் காத்திருந்தார். பிறகு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆனது ஆச்சு மாப்ளே. நல்ல நேரம் தப்புறதுக்குள்ள வாங்கிக்கங்க."

சீனிச்சாமி கையை நீட்டினார். அந்த நேரத்தில் வேலுத்தாய் அன்னக்கொடியிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அத்தே, அய்யாவ எப்ப ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீக?"

"எதுக்குத் தாயி?"

"காப்பாத்துனவுக தூக்கிட்டுப் போயி மாலை போடணும்ல. அப்பிடித்தான இருந்துச்சு."

அன்னக்கொடி சீனிச்சாமியைக் காய்மூட்டையைப் பார்ப்பதுபோல் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்பிடித்தான் படுத்துக் கெடக்கு. ரெண்டுக்குக் கஞ்சி ஊத்த எனக்குச் சீவனில்ல."

பெண்கள் சிரித்தார்கள். ஆயம்மாளும் சிரித்தாள். சீனிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆளாளுக்குப் பேசுனா என்ன அர்த்தம்? கட்டிக்கப் போறவன் நான். என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

சிரிப்பு நின்றது. வேலுத்தாய் அவரைப் பார்த்தாள்.

"கேக்கணுமா அய்யா?"

நீட்டிய கை தட்டுக்கு முன்னால் நின்றது. காரியதரிசி முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார்.

"கேக்கணும்" என்றார்.

என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. பெண்குல முன்னேற்றத்துக்காக இத்தனை மாதம் பாடுபட்டவருக்கு அந்தக் கேள்வி எந்தச் சொல்லில் தொடங்கும் என்று தெரியவில்லை. வேலுத்தாயே எடுத்துக்கொடுத்தாள்.

"ஒனக்குச் சம்மதமான்னு கேளுங்க."

"ஒனக்குச் சம்மதமா?"

"இல்ல."

ஜக்கையன் தட்டோடு நின்றார். ஆமோதிப்பதற்கு அன்று ஆள் இல்லை. ஆயம்மாள், "மழை வருது, வெரசா எறங்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுக் காயைக் கிளறப் போனாள்.

ஆக, கேட்டதும் பதில் வந்ததுமாக எல்லாம் சேர்த்து ஒரு வெற்றிலை மடிக்கிற நேரந்தான் ஆயிற்று. இதைச் செய்யாமல் தப்பிப்பதற்குத்தான் ஒரு சபையும், நான்கு தீர்மானங்களும், பதினெட்டுக் கண்ணாடிகளும், மதுரையிலிருந்து ஒரு மாட்டுவண்டியும் தேவைப்பட்டன.