சாண் உயர லில்லியும் அரை மீட்டர் துணியும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள் அனுப்பிய லில்லிதான் நலமாக இல்லை.

நர்சரியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, புது வீரிய ஒட்டு ரகக் கிழங்கை மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாரே என்று பூரித்துப்போய், பால்கனியில் தொட்டி வைத்து, என் நெஞ்சு உயரத்துக்குக் குச்சி நட்டு, மேல்வீட்டுக்காரரிடம், "உங்க ஜன்னல்ல வந்து எட்டிப் பாக்கும், பாருங்க" என்று வேறு சொல்லிவைத்தேன். செடி ஒரு சாணில் நின்றுவிட்டது. ஆயுள் முழுக்கத் துணி தைத்தவன் நான், தினமும் காபிக்கு முன்னால் டேப் வைத்துப் பார்க்கிறேன், நூலளவும் ஏறவில்லை. உரம் போட்டேன். மிச்ச உரத்தைத் தின்ற மிளகாய்ச் செடி கருகிப்போனது. தண்டு மண்ணுக்குள் மாட்டிக்கொண்டதோ என்று மெல்ல இழுத்தால் கிழங்கோடு கையில் வந்துவிட்டது. அவசரமாகத் திரும்பப் புதைத்ததில் தொட்டி சரிந்து, பாதி மண் கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகள் மேல் கொட்டியது. மேல்வீட்டுக்காரர் தினமும் குனிந்து, செடி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று விசாரிக்கிறார்.

உங்கள் அத்தை என்ன சொல்கிறாள் தெரியுமா? "இது செடியில்ல. உங்க வாய்க்கு மாப்பிள்ளை அனுப்பின பதில்." உங்கள் கல்யாணக் கோட்டுக்கு எடுத்த துணியில் அரை மீட்டர் மிச்சம் என்று நான் விருந்தில் நாலு பேரிடம் சொன்னதைத்தான் குத்திக்காட்டுகிறாள். துணியை மிச்சம் பிடிப்பது தையல்காரனுக்குப் பெருமை, மாப்பிள்ளை. உங்கள் உயரத்தைப் பற்றி நான் ஏன் பேசப்போகிறேன்? அதற்குப் போய் அன்றிலிருந்து இந்த வாசற்படி மிதிக்காமல், மகளையும் பேரனையும் மட்டும் அனுப்பிவிட்டு, இப்போது குட்டைச் செடியைக் கொடுத்து என் மானத்தை வாங்குவது நியாயமா? மகளைக் கேட்டால், அந்த ரகமே அவ்வளவுதான் வளருமாம். கட்டிக்கொண்டவள் வேறு எப்படிப் பேசுவாள்? ஒன்று, ஒழுங்காக வளர்கிற கிழங்காகக் கொடுங்கள். இல்லை, நேரில் வந்து இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரனுக்கு முத்தம். உங்களுக்கு, கோபம் தீராவிட்டாலும், ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை கூப்பிட்டாள். பூத்துவிட்டது. ஒரு சாண் செடியில் என் கையை விடப் பெரிய பூ. நேற்றடித்த காற்றில் மேல்வீட்டுக்காரரின் உயரமான செடிகளெல்லாம் ஒடிந்து கிடக்கின்றன, இது அசையக்கூட இல்லை. குச்சியைப் பிடுங்கிவிட்டேன். மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். அந்த அரை மீட்டர் துணி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. பேரனுக்குக் கால்சட்டை தைக்கலாம். அளவெடுக்க அவனை நீங்களே கூட்டி வாருங்கள். துணி எவ்வளவு மிச்சமென்று இந்தத் தடவை யாரிடமும் சொல்ல மாட்டேன்.