கோழி அடை உட்கார்ந்த செய்தியும் என் மாற்றல் விண்ணப்பமும்

கஜா பேராங், மலாக்கா.
17-9-1957, செவ்வாய்க்கிழமை.

வணக்கத்துக்குரிய மாணிக்கவாசகம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் சேதுராமன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் நலம் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். அங்கு நீங்களும், சிவகாமசுந்தரி அக்காவும், அக்காவின் முழங்காலும் நலமா? நீங்கள் சிரம்பானிலிருந்து அனுப்பிய மூன்று டுரியான் பழங்களில் ஒன்று பஸ்ஸிலேயே வெடித்துவிட்டது. அந்தக் கண்டக்டர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வீட்டில் ஜெயா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்னை அவள் விசாரிப்பதில்லை. அது வேறு விஷயம்.

எழுத வந்த காரியம் பழைய காரியம்தான். கல்வி இலாகாவில் மாற்றல் உத்தரவு எழுதுகிற, உங்களுக்குத் தெரிந்த பெரிய கிராணி ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, வருகிற ஜனவரிக்குள் என்னை உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதே விஷயமாக 1952-இல் ஒரு கடிதம் எழுதினேன், 1954-இல் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் ‘பார்க்கலாம்’ என்று பதில் எழுதினீர்கள். அந்த இரண்டு பதில்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். குறை சொல்வதற்காக அல்ல, வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

காரணம் பொன்னுதுரை. தலைமையாசிரியர் பொன்னுதுரை என்று எழுத வேண்டும், கை வரவில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவன் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் எங்கே கோடு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான். பழைய தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற அன்று, கை வைத்த பிரம்பு நாற்காலியைத் தட்டிக் காட்டி, “இது இனிமே ஒனக்குத்தான் சேது” என்றார். மறுவாரம் அதில் பொன்னுதுரை உட்கார்ந்திருந்தான். எனக்குக் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் ஐந்து வருஷமாக ஓரடி உயர பெஞ்சியில் உட்கார்ந்து அணில், ஆடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் இரண்டும் காதைத் தொடுகின்றன. அக்காவுக்கு ஒரு முழங்கால்தான் வலி.

இந்த வருஷம் நடந்ததைக் கேளுங்கள். ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில் பொன்னுதுரை எழுந்து, மெர்டேக்கா வருகிறது, நாட்டுக்கு விடுதலை, அதை முன்னிட்டு ஆறாம் வகுப்பு மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று மலரச் செய்ய வேண்டும் என்றான். அவன் வாயில் எதுவும் நடக்காது, மலரும். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஆறாம் வகுப்பு எதுக்குங்க? என் ஒண்ணாம் வகுப்பு நடத்துமே. அதுவும் தெனம் நடத்தும்” என்றேன். எவ்வளவு கசப்போடு சொன்னேன் தெரியுமா! கல்லுக்குக்கூட உறைத்திருக்கும். பொன்னுதுரை மட்டும் முகமெல்லாம் பல்லாக, “சேதுராமன் சார் வாக்குக் குடுத்துட்டாரு, எல்லாரும் கை தட்டுங்க” என்றான். தட்டினார்கள் அத்தான். சமையல்காரம்மாகூட எட்டிப் பார்த்துத் தட்டினாள்.

சரி, வந்தது வரட்டும், இதை வைத்தே இவனை ஊர் சிரிக்க வைப்போம் என்று தீர்மானித்தேன். மூலை உடைந்த கரும்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய், பள்ளி வேலியோரம், பஸ் போகிற சடக்கைப் பார்த்து நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தில் சாய்த்தேன். என் பிள்ளைகளுக்கு எழுத வராது. அதனால் அவர்கள் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். ஒரே ஒரு சட்டம் வைத்தேன்: சொன்னது சொன்னபடி. ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். கீழே ‘தலைமையாசிரியர் திரு. பொன்னுதுரை அவர்களின் ஆணைப்படி’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். வருகிற மானக்கேடு சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டுமல்லவா?

முதல் நாள் முப்பத்திரண்டு பிள்ளைகளும் மர நிழலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். “ஏதாச்சும் சேதி இருந்தா சொல்லுங்க.” கடைசியில் பூங்காவனம் என்ற ஆறு வயதுப் பெண், ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டே எழுந்தது.

“சார், நேத்து நெலா எங்க கெணத்துல விழுந்துருச்சு.”

“அப்புறம்?”

“எடுக்க முடியல சார். வாளியில வருது, மேல வந்தா காணாப் போயிருது.”

எழுதினேன். அப்படியே எழுதினேன். சாயங்காலம் வரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது சிரிப்பார்கள், பொன்னுதுரை தலைகுனிவான் என்று. பாசாருக்குத் தேங்காய் ஏற்றிப்போகிற மாட்டு வண்டிக்காரர் கருணாகரன் வண்டியை நிறுத்தினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கச்சான் கடலை விற்கிற பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு வெகுநேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் பார்த்தால், நான் பலகையின் அடிக்கட்டையில் மறந்துவிட்டுப் போன சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, செய்திக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘எங்கள் வீட்டுக் கிணற்றிலும் ஒன்று கிடக்கிறது. எது அசல்?’

அன்றைக்குப் பிடித்தது சனியன். தினமும் செய்தி, தினமும் கீழே பதில். ‘எங்க அண்ணன் மீசை வரைஞ்சிக்கிட்டு வேலை கேக்கப் போச்சு’ என்று ஒரு பிள்ளை சொல்ல, எழுதினேன்; ‘மீசை வேண்டாம், ஆளை அனுப்பவும்’ என்று மறுநாள் ஒரு கடைக்காரர் எழுதியிருந்தார். ‘மழ வரதுக்கு முன்னாடி இந்த மரம் தூங்குது, அதுக்கு மட்டும் யாரு சொன்னா’ என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பதிலே வரவில்லை. ஆனால் அன்று மாலை நாலைந்து பெரியவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேகம் கறுத்தது, இலைகள் ஒவ்வொன்றாக மூடின, அவர்கள் நனைகிற வரைக்கும் நின்றார்கள். நானும் நின்றேன். குடை கொண்டுவராத காரணத்தால்.

பொன்னுதுரை தலைகுனியவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். தன் பெயரை வாசிப்பதற்காகவே தினம் இரண்டு முறை சடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான்.

மெர்டேக்காவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை. ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் பூசை முடித்து, கொடி பிடித்து, மேளமும் நாயனமுமாகப் பள்ளி வாசலுக்கு ஊர்வலம் வரவேண்டும் என்று அவன் ஏற்பாடு. இலாகா அதிகாரி ஒருவரும் கூட வருகிறார். “சார், இன்னிக்கு மட்டும் நல்லதா ஒரு வாசகம் எழுதிருங்க. சுதந்திரச் சூரியன் உதிக்குதுன்னு போடுங்க” என்று காலையிலேயே கெஞ்சினான். சொன்னது சொன்னபடி என்றேன். அன்று சொன்னவன் தியாகு, பள்ளியை ஒட்டிய சந்தில் இருக்கிறவன்: ‘எங்க கோழி இன்னிக்கு அடை உக்காந்துருச்சு. பன்னெண்டு முட்டை. யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.’

ஊர்வலம் வந்தது. முன்னால் மாலை போட்டுக்கொண்டு பொன்னுதுரை, பின்னால் நாயனம், அதற்குப் பின்னால் முந்நூறு, நானூறு பேர். நாயனக்காரர் பலகையை வாசித்தார். வாசித்ததும் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் காதில் சொல்ல, அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்து தாண்டுகிற வரைக்கும் நுனிக்காலில் நடந்தார்கள். அத்தான், கொடிகள் காற்றில் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தேசம் விடுதலை வாங்கப் போகிற வேளையில் ஒரு கோழியின் தூக்கம் கெடாமல் ஒரு கூட்டம் நடந்துபோகிறது. ஒருகணம் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று பார்த்தேன். கோயிலுக்குப் போன அவசரத்தில் பலகையைப் பார்க்காத பொன்னுதுரைக்கு விஷயம் தெரியாது. திடீரென்று ஒன்றும் கேட்காமல் போகவே, தனக்குக் காது போய்விட்டது என்று பயந்து, விரலை விட்டுக் காதைக் குடைந்துகொண்டே போனான். சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த அதிகாரி இருக்கிறாரே, சந்து தாண்டியதும் என் கையைப் பிடித்து, “எத்தனை முட்டைன்னீங்க?” என்று கேட்டார்.

அன்று முதல் தியாகுவின் கோழிதான் எங்கள் நிரந்தரச் செய்தி. இன்று மூன்றாம் நாள், இன்று நாலாம் நாள் என்று சடக்கில் போகிறவர்கள் எல்லாம் எண்ணுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கிராமமான சிட்டி கம்பத்திலிருந்து ஒரு பெண் என் வகுப்புக்கு வருகிறது, பெயர் மீனாச்சி. பழைய செட்டிமார் வழியில் வந்த, நம் சாமியைக் கும்பிடுகிற, மலாயில் பேசுகிற மலாக்காச் சிட்டிக் குடும்பம். தமிழ் தெரியட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமையோ என்றுகூட நினைத்தேன். கோழி உட்கார்ந்த ஐந்தாம் நாள், செய்தி கேட்டபோது, மெல்ல எழுந்து, “ஆயாம் திடோர், தெலோர் மிம்பி” என்றது. கோழி தூங்குகிறது, முட்டைகள் கனவு காண்கின்றன. சொன்னது சொன்னபடி என்பது சட்டமாயிற்றே! மலாய்ச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினேன். மறுநாள் சிட்டி கம்பத்திலிருந்து சாரோங் கட்டிய ஆண்கள் ஆறேழு பேர் வந்து பலகை முன்னால் நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கச்சான் பையன் வாசித்தான். தங்கள் பேச்சே அந்த எழுத்திலிருந்து எழும்பி வருவதைக் கேட்டு, “லாகி, லாகி” என்றார்கள். இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் என்று. பையன் ஒன்பது தரம் வாசித்தான். கச்சான் ஒரு பொட்டலம்கூட விற்கவில்லை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? மாற்றல் எவ்வளவு அவசியம் என்று காட்டத்தான். நேற்று நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே புரியும். இலாகாவுக்கான விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் சுண்ணாம்புக் கட்டி கேட்டு வந்தது. வந்தது சும்மா நிற்காமல், விண்ணப்பத்தின் தலைப்பில் விரலை வைத்து, “மா… ற்… ற… ல்” என்றது.

என் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று மேலே எழுதினேன். படிக்க வரும் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. தினம் தினம் தங்கள் சொல்லையே பலகையில் பார்த்துப் பார்த்து வந்துவிட்டது போலிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தது அணிலும் ஆடும்தான்.

“மாற்றல்னா என்னா சார்?”

“வேற பள்ளிக்கூடத்துக்குப் போறது.”

“யாரு போறா?”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். செய்தி நேரத்தில் முதல் கை அதனுடையதுதான். “எங்க சார் வேற பள்ளிக்கூடத்துக்குப் போகப் போறாரு. எங்ககிட்ட சொல்லவே இல்ல.”

“அது சேதி இல்ல. வேற சொல்லு.”

“சொன்னது சொன்னபடி சார்” என்றான் தியாகு. முப்பத்திரண்டு பேரும் பார்த்தார்கள். மீனாச்சி எழுந்துவந்து சுண்ணாம்புக் கட்டியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டது. எழுதினேன் அத்தான். என்னைப் பற்றிய செய்தியை என் கையாலேயே, ஊர் பார்க்க, ‘ஆணைப்படி’ என்ற வரிக்கு மேலே எழுதினேன். இந்த அவமானத்துக்குப் பிறகும் நான் இந்த ஊரில் இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். அதனால் ‘பார்க்கலாம்’ என்று எழுதாமல், உடனே அந்தக் கிராணியைப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொடுக்க வேண்டுகிறேன்.

அக்காவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்லவும். பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். அந்தக் கண்டக்டரை எங்காவது பார்த்தால் எதுவும் சொல்ல வேண்டாம்.

தங்கள் மைத்துனன்,
சேதுராமன்.

பி.கு: இன்று புதன்கிழமை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிற வழியில் பலகையைப் பார்த்தேன். கீழே இடமில்லாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறார்கள். ‘எந்தப் பள்ளிக்கூடம்? அங்கே சடக்குப் பக்கம் மரம் இருக்கிறதா?’ என்று ஒருவர். ‘சாரை வண்டியில் ஏற்றிப்போக என் மாடு சம்மதிக்காது’ என்று கருணாகரன் சொல்லி யாரோ எழுதியது. கடைசியில், எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்வெழுத்தில்: ‘சார் இருப்பதானால் பிரம்பு நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு முதுகு வலிக்கிறது.’ பொய். அவனுக்கு முதுகு வலி கிடையாது. ஐந்து வருஷமாக நான் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

நாற்காலிக்காக மனம் மாறுகிறவன் நான் இல்லை. உட்கார்ந்து பார்த்தேன்; உயரம் அதிகம், கீழே சாய்த்த பலகையில் எழுத எட்டவில்லை, திரும்பப் பெஞ்சிக்கே வந்துவிட்டேன். ஆனால் தியாகுவின் கோழி நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை பொரிக்கிறது. நான் இல்லாவிட்டால் அந்தச் செய்தியைப் பொன்னுதுரைதான் எழுதுவான். ‘பன்னிரு குஞ்சுகள் இனிதே மலர்ந்தன’ என்று எழுதிவிடுவான் அத்தான். அதை என்னால் அனுமதிக்க முடியாது. அதற்கப்புறம் குஞ்சுகள் வளர வேண்டும், பருந்து இருக்கிறது, மழைக்காலம் வருகிறது, ஒவ்வொன்றும் செய்தி. ஆகவே கிராணியிடம் ஒன்றும் பேச வேண்டாம். ஏற்கெனவே பேசியிருந்தால், அந்தச் சேதுராமன் வேறு சேதுராமன் என்று சொல்லிவிடவும். அக்கா இங்கே வரும்போது கலர் சுண்ணாம்புக் கட்டி இரண்டு பெட்டி கொடுத்தனுப்பவும். மஞ்சள் கட்டாயம் இருக்க வேண்டும். குஞ்சு எழுத வெள்ளை போதாது என்று மீனாச்சி சொல்கிறது. தமிழில் சொல்கிறது.